பெருக்கியில் மின்சாரம் எங்கே போகிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ், 2014ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த சில்லு வடிவமைப்பாளர்களின் மாநாட்டில் ஓர் அட்டவணையைக் காட்டினார். எண்ணியல் சுற்றுகளோடு பிழைப்பு நடத்தும் எங்களில் பலருக்கு அந்த எண்கள் இன்று மனப்பாடம். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், 0.9 வோல்ட் மின்னழுத்தத்தில், இரண்டு 8 பிட் முழு எண்களைக் கூட்ட 0.03 பைகோஜூல் ஆற்றல் செலவாகிறது (ஒரு பைகோஜூல் என்பது ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 32 பிட் எண்களைக் கூட்ட 0.1 பைகோஜூல். கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கினால், 8 பிட்டுக்கு 0.2 பைகோஜூலும் 32 பிட்டுக்கு 3.1 பைகோஜூலும் ஆகின்றன. எண்ணின் அகலம் நான்கு மடங்காகும்போது கூட்டலின் செலவு மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது. பெருக்கலின் செலவோ பதினைந்து மடங்கைத் தாண்டிவிடுகிறது.

பள்ளியில் கற்ற பெருக்கல் முறையே இதற்குக் காரணம். 13ஐ 11ஆல் பெருக்க வேண்டுமானால், இரும எண்களில் 1101ஐ 1011ஆல் பெருக்க வேண்டும். கீழே உள்ள எண்ணின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு வரிசை எழுதுகிறோம். பிட் 1 என்றால் மேலுள்ள எண்ணை அப்படியே இடம் தள்ளி எழுதுகிறோம், 0 என்றால் வெற்று வரிசை. 13, 26, 0, 104 என்ற நான்கு வரிசைகளையும் கூட்டினால் 143 கிடைக்கிறது. இந்த வரிசைகளைப் பகுதிப் பலன்கள் என்கிறோம். நான்கு பிட்டுக்கு நான்கு பிட் என்றால் பதினாறு கட்டங்கள். 16 பிட்டுக்கு 256 கட்டங்கள். 32 பிட்டுக்கு 1024 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆண்ட் கேட்டும் (இரு உள்ளீடுகளும் 1 என்றால் மட்டும் 1 தரும் சிறு சுற்று), ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக்கூட்டியும் (மூன்று பிட்டுகளைக் கூட்டும் சுற்று) தேவைப்படுகின்றன. ஆகவே பெருக்கி, அதாவது இரு எண்களைப் பெருக்கும் சுற்று, அடிப்படையில் கூட்டிகளால் நிரப்பப்பட்ட ஒரு சதுரம். அதன் செலவும் பக்கத்தின் இருபடியாகவே வளர்கிறது.

நான் சில்லு வடிவமைப்புத் துறையில் வேலை பார்ப்பவன். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை மதிப்பிட அழைத்தால் போவதும் உண்டு. ‘லோ பவர் மல்டிப்ளையர்’ என்ற தலைப்பு ஏதாவது ஒரு வடிவத்தில் அங்கே ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் இந்தச் சதுரத்துக்குள் கூட்டிகளை எப்படி அடுக்குவது என்பதை மட்டுமே ஆராய்கிறார்கள். அடுக்கும் முறை முக்கியம்தான். ஆனால் பெருக்கியில் செலவாகும் மின்சாரத்தின் கணிசமான பகுதி விடையைத் தருவதற்காகச் செலவாவதில்லை என்பதையும், அந்த வீண்செலவு சுற்றின் அமைப்பை எவ்வளவு சார்ந்ததோ அதே அளவுக்கு அதற்குள் வரும் எண்களையும் சார்ந்தது என்பதையும் அந்த அறிக்கைகளில் காண்பது அரிது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இன்றைய சில்லுகளில் பெரும்பாலும் பயன்படும் சிமாஸ் வகைச் சுற்றில் ஒரு கம்பி 0விலிருந்து 1க்கும், மீண்டும் 1லிருந்து 0க்கும் மாறும்போது, அக்கம்பியின் மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருபடியால் பெருக்கிவரும் அளவு ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. கம்பி மாறாமல் இருந்தால், சும்மா இருக்கும்போதும் கசியும் சிறு மின்னோட்டத்தைத் தவிரச் செலவு இல்லை. எனவே மின்செலவைக் குறைக்க விரும்புபவர் கையில் இருப்பவை சிலவே: மின்னழுத்தத்தைக் குறைக்கலாம், மாறவேண்டிய கம்பிகளின் பளுவைக் குறைக்கலாம், அவை மாறும் தடவைகளைக் குறைக்கலாம். கடிகார வேகத்தைக் குறைத்தால் ஒரு வினாடிக்கு ஆகும் செலவு குறையுமே தவிர, ஒரு பெருக்கலுக்கு ஆகும் செலவு குறையாது என்பதை மின்கலத்தில் இயங்கும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடக் கூடாது.

இவற்றில் மின்னழுத்தமே வலிமையானது, ஏனென்றால் அது இருபடியாக வருகிறது. 5 வோல்ட்டில் இயங்கிய சுற்றை 3.3 வோல்ட்டில் இயக்கினாலே ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் சுற்று மெதுவாகிவிடும். சென்னையில் பிறந்து இப்போது எம்ஐடியில் பணிபுரியும் ஆனந்த சந்திரகாசன், பெர்க்லியில் ஆய்வு மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் 1992இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்தச் சிக்கலைத் தலைகீழாகப் பார்த்தது. ஒரே கணிப்புச் சுற்றை இரண்டாகப் போட்டு, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் இயக்கினால், மொத்த வேகம் குறையாது. ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு நேரம் கிடைப்பதால் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறக்கிவிடலாம். அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் சில்லின் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் பெருகியது. மின்செலவோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. சில்லில் இடம் மலிவாகிக்கொண்டும் மின்கலம் அவ்வளவு வேகமாக முன்னேறாமலும் இருந்த காலத்தில், இடத்தைக் கொடுத்து ஆற்றலை வாங்கலாம் என்ற அந்தக் கணக்கு, துறையின் சிந்தனைப் போக்கையே மாற்றியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வேகத்துக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பழைய பெருக்கிகள் சிக்கனத்துக்கும் ஏன் உதவுகின்றன என்பது விளங்கும். ஆஸ்திரேலியரான கிறிஸ் வாலஸ் 1964இல் ஒரு முறையை முன்வைத்தார். பகுதிப் பலன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகாமல், மூன்று மூன்று வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றையும் ஒரே நேரத்தில் இரண்டாக ஒடுக்க வேண்டும் என்றார். 16 வரிசைகள் முதல் படியில் 11 ஆகும். பிறகு 8, 6, 4, 3, கடைசியில் 2. ஆறே படிகள். ஒவ்வொரு வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் சாதாரண அணிப் பெருக்கியில் இதற்கு ஏறத்தாழ வரிசைகளின் எண்ணிக்கையளவு படிகள் வேண்டும். அடுத்த ஆண்டே மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லூயிஜி தாதா, அந்தப் படிகளை அதே எண்ணிக்கையில் வைத்துக்கொண்டு, கூட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார். இப்படிக் கிடைக்கும் வேகம் தேவைக்கு மேல் இருந்தால், அந்த உபரியைக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றிக்கொள்ளலாம்.

மின்னழுத்தத்தை இறக்கிக்கொண்டே போகவும் முடியாது. எம்ஐடியில் ஆலிஸ் வாங்கும் சந்திரகாசனும் 2004இல் காட்டிய ஃபூரியே உருமாற்றச் சில்லு (சமிக்ஞையை அதிர்வெண்களாகப் பிரிப்பது), பெருக்கல்கள் நிறைந்த ஒரு வேலையை வெறும் 180 மில்லிவோல்ட்டிலும் செய்துமுடித்தது; ஆனால் அந்நிலையில் அதன் கடிகாரம் வினாடிக்கு 164 தடவை மட்டுமே துடித்தது. ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் மிகக் குறைந்த ஆற்றல் செலவானது 180 மில்லிவோல்ட்டில் அல்ல, 350 மில்லிவோல்ட்டில். அதற்கும் கீழே போனால் வேலை அவ்வளவு நேரம் இழுப்பதால், அந்த நேரம் முழுவதும் கசிந்துகொண்டிருக்கும் மின்னோட்டமே மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடுகிறது.

கூட்ட வேண்டிய வரிசைகளையே குறைத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் படிகவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஆண்ட்ரூ பூத் 1951இல் வெளியிட்ட முறை விடையாக அமைந்தது. அவர் பயன்படுத்திய மேசைக் கணக்கீட்டு இயந்திரங்களில் எண்ணை இடம் தள்ளுவது, கூட்டுவதைவிட விரைவாக நடந்தது. ஆகவே கூட்டல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் அவருக்கு ஆதாயம். 60ஆல் பெருக்க வேண்டும் என்றால், இருமத்தில் அது 111100; வழக்கமாக நான்கு கூட்டல்கள். பூத் அதை 64 கழித்தல் 4 என்று பார்த்தார்: ஒரு கூட்டல், ஒரு கழித்தல். பத்தாண்டு கழித்து ஐபிஎம்மைச் சேர்ந்த மெக்சார்லி இம்முறையைச் செப்பனிட்டு, பிட்டுகளை இரண்டிரண்டாக எடுத்துப் பார்க்கும்படி அமைத்தார். அதன்படி 16 பிட் பெருக்கலில் 16 வரிசைகள் 8 வரிசைகளாகப் பாதியாகின்றன. வாலஸ் மரத்தின் (வரிசைகள் கிளைகள்போல் ஒடுங்கிச் சேரும் வாலஸின் அமைப்பை இப்படி அழைப்பார்கள்) படிகளும் ஆறிலிருந்து நான்காகின்றன.

வரிசைகள் பாதியானால் மின்செலவும் பாதியாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அப்படி ஆவதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் மேலுள்ள எண்ணை அப்படியே எடுப்பதா, இரட்டிப்பதா, குறியை மாற்றுவதா என்று தீர்மானிக்கும் சுற்று ஒன்று வேண்டும். அந்தத் தீர்மானம் வரிசையின் எல்லாப் பிட்டுகளுக்கும் போய்ச்சேர நீளமான, பளுவான கம்பிகள் வேண்டும். அகலமான பெருக்கிகளில் இந்தக் கூடுதல் செலவு வரிசைக் குறைப்பால் ஈடாகிவிடும். 8 பிட் பெருக்கியில் ஈடாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அங்கே எளிய ஆண்ட் கேட் வரிசைகளே பல நேரங்களில் மேலானவை என்பது என் கருத்து.

இனி, கிளிட்ச். ஒரு சுற்றின் வெளியீடு இறுதி விடைக்கு வந்துசேரும் முன் தேவையில்லாமல் மேலும் கீழும் போய்வருவதை இப்படிச் சொல்கிறோம். ஒரு முழுக்கூட்டிக்கு மூன்று உள்ளீடுகள் உண்டு. மூன்றும் ஒரே கணத்தில் வந்தால் வெளியீடு அதிகபட்சம் ஒரு தடவை மாறும். முதல் உள்ளீடு இப்போதும், இரண்டாவது சிறிது கழித்தும், மூன்றாவது இன்னும் கழித்தும் வந்தால், வெளியீடு மூன்று தடவை மாறக்கூடும். மூன்று மாற்றங்களுக்குப் பின் அது எங்கே நிற்கிறது என்பதுதான் விடை. முதல் இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டவை, மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை.

மற்றச் சுற்றுகளிலும் கிளிட்ச் உண்டு. ஆனால் பெருக்கி அதற்கென்றே அமைந்ததுபோல் இருப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஆண்ட் கேட்டின் ஓர் உள்ளீடு 0 என்றால், மற்றோர் உள்ளீடு எத்தனை தடவை துள்ளினாலும் வெளியீடு அசையாது. தேவையற்ற அசைவு அங்கேயே நின்றுவிடும். கூட்டியின் இதயமான எக்ஸார் கேட்டுக்கு இந்தத் தடுக்கும் குணம் இல்லை. அதன் எந்த உள்ளீடு அசைந்தாலும் வெளியீடு அசைந்தே தீரும். ஆகவே அணிப் பெருக்கியின் மேல் வரிசையில் பிறந்த ஒரு வீண் அசைவு, அடுத்த வரிசையின் கூட்டிக்கும் அதற்கடுத்த வரிசைக்கும் தடையின்றி இறங்குகிறது. ஒவ்வொரு வரிசையிலும் கேரி (கூட்டும்போது அடுத்த இடத்துக்குப் போகும் மிச்ச இலக்கம்) வந்துசேரும் நேரம் வேறுபடுவதால் போகும் வழியில் புதிய அசைவுகளும் சேர்கின்றன. அகலமான அணிப் பெருக்கியின் கீழ் வரிசைகளில் பயனுள்ள மாற்றங்களைவிடப் பயனற்ற மாற்றங்கள் அதிகமாகிவிடுவதும் உண்டு. கேட்டுகளின் தாமதத்தைக் கணக்கில் எடுக்காத உருவகப்படுத்தலில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அந்த உருவகப்படுத்தலிலிருந்து எடுத்த மின்செலவு எண்ணை அறிக்கையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

வாலஸ், தாதா மரங்களின் மற்றொரு நன்மை இங்கே வெளிப்படுகிறது. மரத்தில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையிலான படிகளைக் கடந்து வருவதால், ஒரு கூட்டியின் உள்ளீடுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்துசேர்கின்றன, துள்ளல் குறைகிறது. தாமதமாக வரும் கம்பியைக் கூட்டியின் விரைவான உள்ளீட்டில் இணைப்பதும் உதவும். பெருக்கியின் நடுவே ஒரு வரிசைப் பதிவகங்களை (கடிகாரத் துடிப்பின்போது மதிப்பைப் பிடித்துவைக்கும் சுற்றுகளை) வைத்துவிட்டால், அதுவரை சேர்ந்த துள்ளல்கள் எல்லாம் அங்கே தடுக்கப்பட்டு, கடிகாரத் துடிப்பின்போது இருக்கும் இறுதி மதிப்பு மட்டுமே கீழே போகும். இப்படிப் பதிவகங்களால் பிரிக்கும் பைப்லைனை வேகத்துக்கான உத்தியாக மட்டும் கற்பிப்பதால், அது கிளிட்ச்சைத் தடுக்கும் அணையாகவும் இருக்கிறது என்பது மாணவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தப் பதிவகங்களுக்கும் கடிகாரம் ஓட்ட வேண்டும், அதற்கும் மின்சாரம் ஆகும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடுத்தது, உள்ளே வரும் எண்கள். குறியுள்ள எண்களை நாம் இரண்டின் நிரப்பி முறையில் எழுதுகிறோம். அதில் +1 என்பது பதினைந்து பூச்சியங்களும் ஓர் ஒன்றும். −1 என்பது பதினாறு ஒன்றுகள். மதிப்பளவில் இரண்டே அலகு தள்ளியிருக்கும் இந்த இரு எண்கள் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு முறையும் பதினைந்து பிட்டுகள் புரள்கின்றன. அந்தப் புரளல் முழுச் சதுரத்துக்குள்ளும் பரவுகிறது. அமைதியான அறையில் ஒரு மைக்ரோஃபோன் தரும் எண்கள் இப்படித்தான் பூச்சியத்தைச் சுற்றிச் சிறிய அளவில் ஆடிக்கொண்டிருக்கும். குறியைத் தனிப் பிட்டாகவும் அளவைத் தனியாகவும் வைத்தால், இதே மாற்றத்துக்கு ஒரே ஒரு பிட்தான் புரளும். கூட்டலில் அம்முறை தொல்லை தருவது என்றாலும், பெருக்கியின் வாசலில் மட்டும் அதைப் பயன்படுத்துவது சில வேலைகளில் நல்ல பலன் தரும். வரும் எண்களில் ஒன்று பூச்சியம் என்று தெரிந்தால் பெருக்கியைத் தொடவே தேவையில்லை. உள்ளீட்டைப் பழைய நிலையிலேயே பிடித்துவைத்து, விடையாகப் பூச்சியத்தை அனுப்பிவிடலாம். செயற்கை நுண்ணறிவில் பயன்படும் நரம்பியல் வலையமைப்புகளில் எதிர்மறை மதிப்புகளைப் பூச்சியமாக்கும் படி ஒன்று இருப்பதால், அங்கே பூச்சியங்களுக்குப் பஞ்சமில்லை. எம்ஐடியின் ஐரிஸ் சில்லு இதைப் பயன்படுத்திக்கொண்டது.

திட்டப்பணி அறிக்கைகளின் மின்செலவு அட்டவணையில் எனக்குள்ள மனக்குறை இதிலிருந்தே வருகிறது. விவாடோ போன்ற சில்லு வடிவமைப்பு மென்பொருளில் உள்ளீட்டு எண்கள் எப்படி இருக்கும் என்று நாம் சொல்லாவிட்டால், ஒவ்வொரு சமிக்ஞையும் 12.5 விழுக்காடு வீதத்தில் மாறும் என்று அது தானே வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொண்டு இரு பெருக்கிகளை ஒப்பிட்டு, மூன்றாம் தசம இடத்தில் தெரியும் வேறுபாட்டை ‘முன்னேற்றம்’ என்று எழுதுவதில் பொருளில்லை. ‘வேதிக் மல்டிப்ளையர்’ என்ற பெயரில் வரும் எண்ணற்ற திட்டப்பணிகளுக்கும் இது பொருந்தும். ஊர்த்துவ திர்யக் என்ற அந்தக் குறுக்குப் பெருக்கல் முறை மனக்கணக்குக்கு அழகானது. ஆனால் இருமத்தில் அது உருவாக்குவது அதே பகுதிப் பலன்களைத்தான். 4 பிட்டுக்கு அதே பதினாறு கட்டங்கள். அவற்றைச் சிறு தொகுதிகளாகப் பிரித்துக் கூட்டும் விதத்தில் மட்டுமே வேறுபாடு. கூட்டுவதற்கு எளிய தொடர்கூட்டிகளைப் போட்டால் தாதா மரத்தைவிட மெதுவாகவே இருக்கும். எஃப்பிஜிஏவில் (வாங்கிய பின் விரும்பிய சுற்றாக அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) செய்பவர்கள் ஒப்பிட வேண்டியது, சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் ஒரு பெருக்கல் குறியை மட்டும் எழுதினால் கருவி தானே தேர்ந்தெடுக்கும் பெருக்கியோடு. ஜைலின்க்ஸின் 7 வரிசைச் சில்லுகளில் 25க்கு 18 பிட் பெருக்கிகள் சிலிக்கானிலேயே தயாராகச் செதுக்கப்பட்டிருக்கின்றன; அவற்றை வெல்வது கடினம். அந்த ஒப்பீடு அறிக்கையில் இருப்பதில்லை.

விடை முழுவதும் துல்லியமாக வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து ஒரு தனிக் கிளையே வளர்ந்திருக்கிறது. இரு 16 பிட் எண்களைப் பெருக்கினால் 32 பிட் விடை வரும். சமிக்ஞைச் செயலாக்கத்தில் பெரும்பாலும் மேல் 16 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுகிறோம். எறியப்படும் பக்கத்தில் மொத்தம் 256 கட்டங்களில் 136 கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டாமலேயே விட்டுவிட்டு, ஏற்படும் சராசரிப் பிழையை ஈடுசெய்ய ஒரு மாறிலியைச் சேர்த்துக்கொள்ளும் வெட்டுப் பெருக்கிகள் எனக்குப் பிடித்தவை. பிழை எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

இன்னும் துணிச்சலான முறைகளும் உண்டு. ஜான் மிட்செல் 1962இல் மடக்கைகளைத் தோராயமாகக் கணித்து, பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் முறையைத் தந்தார். அதில் 3ஐ 3ஆல் பெருக்கினால் 8 வரும்; அம்முறையில் நேரக்கூடிய உச்சப் பிழையான 11.1 விழுக்காடும் அதுவே. கலிஃபோர்னியாவிலிருந்து பராக் குல்கர்னி, புனீத் குப்தா, மிலோஸ் எர்செகோவாக் மூவரும் 2011 ஜனவரியில் சென்னையில் நடந்த விஎல்எஸ்ஐ எனும் சில்லு வடிவமைப்பு மாநாட்டில் முன்வைத்த இரண்டு பிட் பெருக்கியில் அதே கணக்குக்கு விடை 7. மற்றப் பதினைந்து சேர்க்கைகளுக்கும் சரியான விடையே வரும். 9ஐ எழுத நான்கு பிட் வேண்டும், 7க்கு மூன்று போதும் என்பதால் சுற்று வெகுவாகச் சுருங்குகிறது. இதை அடிக்கல்லாக வைத்துக் கட்டிய பெரிய பெருக்கிகளில் சராசரியாக 1.39 முதல் 3.32 விழுக்காடு வரை பிழையை ஏற்றுக்கொண்டு, 31.78 முதல் 45.4 விழுக்காடு வரை மின்செலவு குறைந்ததாக அவர்கள் காட்டினார்கள். படத்தை மங்கலாக்கும் வடிகட்டிக்கு இது போதும். வங்கிக் கணக்குக்கு ஆகாது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நேர்த்தியான தந்திரங்களைவிட, அகலத்தைக் குறைப்பது எப்போதும் பெரிய வெற்றி தருகிறது என்பதே என் முடிவு. 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் (புள்ளியின் இடம் நகரக்கூடிய எண் வடிவம்) இலக்கப் பகுதி 24 பிட் என்பதால், அதைப் பெருக்க 24 பிட் பெருக்கி தேவை: 576 கட்டங்கள். 16 பிட் மிதவைப்புள்ளிக்கு 11 பிட், 121 கட்டங்கள். கூகுள் வகுத்த பிஃப்ளோட்16 வடிவத்துக்கு 8 பிட், வெறும் 64 கட்டங்கள். அந்நிறுவனம் 2015 முதல் தன் தரவு மையங்களில் பயன்படுத்திய முதல் டிபியூ சில்லில் (நரம்பியல் வலையமைப்புகளுக்கென்றே செய்தது) 65,536 பெருக்கிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் 8 பிட் முழு எண் பெருக்கி. அத்தனையையும் 32 பிட்டில் கட்டியிருந்தால் அந்தச் சில்லு உருவாகியே இருக்காது. பெருக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறு: ஹோரோவிட்ஸின் அதே அட்டவணையில், வெளி நினைவகத்திலிருந்து 64 பிட் தரவு ஒன்றை எடுத்துவர 1,300 முதல் 2,600 பைகோஜூல் வரை ஆகிறது. 8 பிட் எண்ணாக இருந்தால் அதே பயணத்தில் எட்டு எண்கள் வந்துவிடும்.

மறுமுனையில் இருப்பது என் பெரியப்பாவின் காதுக்கருவி. பழுப்பு நிற ஒட்டுப்பட்டையுடன் வரும் 312 அளவுத் துத்தநாக-காற்று மின்கலம், சுமார் 1.4 வோல்ட், 180 மில்லியாம்பியர்-மணி. கருவி முழுவதும் ஒரு மில்லியாம்பியருக்குள் இயங்கினால்தான் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். இவ்வகைக் கருவியின் ஒலி வடிகட்டிகளில் பெருக்க வேண்டிய எண்களில் ஒன்று மாறிலியாகவே இருக்கும் இடங்கள் பல. அங்கே பெருக்கியே வேண்டாம். 0.4375ஆல் பெருக்க வேண்டுமானால், அது பதினாறில் ஏழு. அதாவது எண்ணின் பாதியிலிருந்து பதினாறில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். இடம் தள்ளுவதற்குக் கம்பியை மாற்றி இணைத்தாலே ஆயிற்று, ஆகவே மொத்தச் செலவு ஒரு கழித்தல். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் பூச்சியமல்லாதவையாக வராதபடி மாறிலிகளை −1, 0, 1 என்ற இலக்கங்களால் எழுதினால், சராசரியாக மூன்றில் ஓர் இலக்கமே வேலை கொடுக்கும். சாதாரண இருமத்தில் பாதி இலக்கங்கள் வேலை கொடுக்கும். மாறிலிகளையே சற்று நகர்த்தி, வடிகட்டியின் குணம் கெடாமல் இலக்கங்கள் குறையும்படி தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நேர்மாறான முடிவும் சில நேரம் சரியாகும். ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம்0 செயலியை வாங்குபவர், ஒரே துடிப்பில் பெருக்கும் பெரிய பெருக்கியையோ, 32 துடிப்புகள் எடுத்துக்கொள்ளும் சிறிய பெருக்கியையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சிறியதில் ஒரு பெருக்கலுக்குச் செலவு கூடும். 32 துடிப்புகளும் செயலி முழுவதும் விழித்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் கதவு திறந்ததா என்று பார்த்துச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும் ஒரு கருவி, நாள் முழுவதும் நான்கைந்து பெருக்கல்கூடச் செய்யாது. அதற்குள் பெரிய பெருக்கியை வைத்தால், அது ஒன்றும் செய்யாமல் கசிந்துகொண்டே இருக்கும்.